வளைவிலிருந்து ஒன்பது கம்பம்

"இன்னைக்கு எத்தன, சேர்?"

கண்டியில் பஸ்ஸை நிறுத்தியதும் அவர் என்னிடம் தினமும் கேட்ட கேள்வி இது. என்ஜினை அணைப்பார். கழுத்தில் கிடக்கும் துவாயால் முகத்தைத் துடைப்பார். பிறகு உடம்பை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்துக் கேட்பார். நான் தொகையைச் சொல்வேன். பதினாலு என்றால் "பரவாயில்ல" என்பார். இருபதைத் தாண்டினால், "நாளைக்குப் போயா லீவுதானே சேர், அப்பிடித்தான் இருக்கும்" என்று ஒரு காரணம் வைத்திருப்பார்.

நான் எண்ணியது, ஹோல்ட் என்ற பஸ் தரிப்பிடம் இல்லாத இடங்களில் அவர் பஸ்ஸை நிறுத்திய தடவைகளை. அப்படி எண்ணும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. முப்பத்து நாலு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் எண்ணாகத்தான் படும். ஓய்வு பெற்ற பிறகு கண்டியில் ஒரு புடவைக்கடைக்குக் காலை வேளைகளில் கணக்குப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தால் கூரையில் ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடப்பேன் என்று மனைவிதான் அனுப்பி வைத்தாள். குண்டசாலையில் ஏறி, சாரதிக்குப் பின்னால் முதல் ஆசனத்தில் உட்காருவேன். பஸ் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மலை இறங்கி வரும். அது ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை.

காரணம் அவர்தான். ரோட்டில் யாரையும் விட்டுவிட்டு வர அவரால் முடியாது. ஓடி வருகிறவர்களுக்கு நிற்பார். ஓடி வரக்கூடியவர்களை எதிர்பார்த்தும் நிற்பார். மேட்டு வீட்டிலிருந்து "இருங்க" என்று ஒரு குரல் மட்டும் கேட்கும். ஆளைக் காண முடியாது. செருப்புச் சத்தம் படியிறங்கி வரும்வரை என்ஜின் உறுமிக்கொண்டு நிற்கும். வாசலில் நின்று பிள்ளைக்கு ரிபன் கட்டும் தாயைப் பார்த்தால், இரண்டாவது ரிபனும் கட்டி முடியட்டும் என்று காத்திருப்பார். பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டு எங்களைக் கடந்து போவான். உள்ளே இருக்கிறவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள்.

"டிரைவரண்ணே, எங்க வீட்டுக் கோழி ஒண்ணும் வர்றதா சொல்லிச்சு. நிண்டு ஏத்திக்கிட்டே போயிருவோம்."

"ஏத்துவோம் தங்கச்சி. அரை டிக்கட் எடுத்திருங்க."

அவருடைய மச்சான்தான் அந்தப் பஸ்ஸின் கொண்டக்டர். மனைவியின் அண்ணன். தொந்தியும் தொண்டையும் ஒரே அளவில் பெருத்த மனிதர். மிதிபலகையில் நின்றபடி அவர் கத்துவார்: "இந்த ஆளுக்குத் தங்கச்சியக் கட்டிக் குடுத்த நாள்ள இருந்து நாங்க ஒரு எடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்ல. கலியாணத்தண்டைக்கே லேட்டு."

அது பொய்யில்லை என்று அவரே ஒருநாள் சொன்னார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வேனை அவரே ஓட்டிக்கொண்டு வந்தாராம். வழியில் எத்தனை பேரை ஏற்றினார் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார். எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

குண்டசாலையைத் தாண்டியதும் நடந்த ஒன்றை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். வெள்ளைச் சாரம் கட்டிக் கம்போடு ஒரு சிங்களப் பெரியவர், காலடியில் ஒரு பலாப்பழத்தோடு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். பஸ் அவரைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்த நம்முடைய ஆள், கியரை மாற்றிப் பின்னால் எடுக்கத் தொடங்கினார். கொண்டக்டர் இறங்கி, பஸ்ஸின் முதுகில் தட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். வாகனங்கள் இரண்டு பக்கமும் நின்றுவிட்டன. பெரியவரிடம் போய்ச் சேர்ந்தால், அவர் பஸ்ஸுக்காக நிற்கவேயில்லை. மகன் ஓட்டோவில் வருவான் என்று காத்திருந்தாராம். ஆனாலும் இவ்வளவு பெரிய பஸ் தனக்காகத் திரும்பி வந்த மரியாதைக்காக ஏறிக்கொண்டார். அடுத்த ஹோல்டில் பலாப்பழத்தோடு இறங்கித் திரும்பி நடந்தார். கண்டி வரைக்கும் பஸ் முழுக்கச் சிரிப்பு. அவர்தான் அதிகம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு நேரமாகிவிட்டிருந்தது.

கடை முதலாளி ஹாஜியார் நல்ல மனிதர். நான் வியர்வையோடு உள்ளே நுழைவதைப் பார்த்து, "என்ன மாஸ்டர், இண்டைக்கும் மல பஸ்லயா வந்தீங்க? வேற பஸ் ஈக்கிதானே" என்பார்.

வேறு பஸ் இருந்தது. ஆனால் வேறு எந்தப் பஸ்ஸும் எங்கள் ஒழுங்கை வாசலில் நிற்காது. மெயின் ரோட்டில் ஒரு வளைவு உண்டு. வளைவிலிருந்து ஹோல்டுக்குப் போகும் வழியில், பாதித் தூரத்தில் எங்கள் ஒழுங்கை வந்து சேர்கிறது. முழங்கால் நோவோடு ஹோல்ட் வரைக்கும் நடப்பது எனக்குப் பெரும் பாடு. ஆகவே ஒழுங்கை வாசலில் நின்று குடையைத் தூக்குவேன். அவர் நிறுத்துவார். பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் நான் "பதினாறு" என்றபோது, துவாயை உதறிக்கொண்டே கேட்டார்:

"அது சேரோட நிப்பாட்டத்தயும் சேத்தா, சேக்காமயா?"

சேர்க்காமல்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து சேர்த்தே எண்ணினேன்.

கண்டி நிலையத்தில் டைம் கீப்பர் ஒருவர் இருந்தார். விசிலும் சட்டைப்பையில் மூன்று பேனைகளுமாக நிற்பார். ஒருநாள் ஜன்னலில் தட்டிச் சிங்களத்தில் கேட்டார், பஸ்ஸில் மணிக்கூடு இல்லையா என்று. "இருக்கு மாத்தயா, ஏறுறவங்க கையிலதான் இல்ல" என்றார் இவர், அதே சிங்களத்தில். டைம் கீப்பர் விசிலை வாயில் வைத்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரா, கோபத்தையா, தெரியவில்லை.

ஏன் இப்படி என்று நான் கேட்டிருக்கிறேன். அவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொன்னார். எங்க தோட்டத்து ரோட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பஸ்தான் சேர், விட்டா பொழுது போயிரும் என்றார். மழை வரப்போகுது என்றார். பிரேக் நல்லா இருக்கான்னு பாத்தேன் என்றார். ஒரு தடவை மட்டும் சிரிக்காமல் சொன்னார்:

"நிப்பாட்டாம வந்தா முதுகு கூசுது, சேர். பாக்கிறாங்க பாருங்க பின்னால இருந்து. அது இந்த எடத்துல வந்து நிக்கும்." தோள்பட்டைகளுக்கு நடுவே எட்டாத ஓரிடத்தைக் கையை வளைத்துக் காட்டினார்.

ஆட்களுக்கு மட்டுமல்ல, சாமிகளுக்கும் நிற்பார். தெல்தெனியாவுக்கு மேலே ஒரு வளைவில் பிள்ளையார், கீழே வந்தால் அரசமரத்தடியில் புத்தர், இன்னும் கீழே, நான் ஏறிய பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா. மூன்று இடத்திலும் கொண்டக்டர் குதித்து இறங்கி உண்டியலில் ஒரு காசு போட்டுவிட்டு ஓடி வருவார். மலை ரோட்டில் ஓடும் பஸ்களில் இது வழக்கம். காசு விழும் சத்தம் கேட்டால்தான் பிரயாணிகளுக்கும் நிம்மதி. அதை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

எண்ணெய் வரிசைகளின் காலத்தில், டீசல் கிடைக்காமல், பஸ் வாரக்கணக்கில் நின்றது. பஸ் முதலாளி தன் மூன்று பஸ்களில் இரண்டை விற்றார். மிஞ்சிய ஒன்று எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் போலந்துக்கு பஸ் ஓட்ட ஆட்கள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அவர் கொழும்புக்குப் போய் ஓட்டிக் காட்டி, தேறிவிட்டார். இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தைக்கு வந்தார். தேத்தண்ணீரை ஆற வைத்துவிட்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். பாதியை மறந்துவிடுவார். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஓடாதீங்க, நான் நிக்கிறேன். இத எப்பிடி சேர் சொல்றது?"

"டோன்ட் ரன், ஐ ஆம் வெயிட்டிங்."

அதை விறாந்தைக் கதிரையில் இருந்தபடி, இல்லாத ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். என் மனைவி உள்ளே நின்று சிரித்தாள்.

கடைசி நாள் கண்டிக்கு ஓட்டி வந்தபோது, வழி நெடுக நிறுத்தி நிறுத்திப் பயணம் சொல்லி விடைபெற்றார். முப்பத்தொன்று. என் கணக்கில் அதுதான் உச்சம்.

போன பிறகு மாலை நேரங்களில் பேசுவார். நமக்கு விளக்கு வைக்கும் நேரம், அங்கே மத்தியான ஓய்வு. நேபாளத்துக்காரர்களோடு ஒரு வீட்டில் ஆறு பேர். பருப்பை அவர்களும் சமைக்கிறார்கள், ஆனால் தேங்காய்ப்பால் இல்லை. பூட்ஸ் காலோடு பிரேக்கை உணர முடியவில்லை. சாரதியைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு. யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "பஸ்ஸுல ஆள் இருக்கிறதே தெரியல்ல சேர். லொறி ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார். நான் சொல்லிக் கொடுத்த வாக்கியங்களில் ஒன்றுகூட இன்னும் தேவைப்படவில்லையாம்.

ஒப்பந்தத்தை அவர் முதல் வாரமே எனக்கு விளக்கியிருந்தார். முதல் வருடம் பரீட்சைக் காலம். அதற்குள் அவர் மேல் மூன்று முறைப்பாடு வந்தால் வேலை முடிந்தது, விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். வருடத்தைத் தாண்டிவிட்டால் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். அவருடைய மனைவி ஹுன்னஸ்கிரிய டவுனில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து மகளோடு இருந்தார். கண்டிக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"அவரு அங்க நெலச்சு நிப்பாரா சேர்? இங்க ரூமையும் விட்டு, பிள்ளையையும் ஸ்கூல்ல இருந்து எடுத்துப்புட்டு, அப்புறம் அவரு திரும்பி வந்து நிண்டா நாங்க எங்க போறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏனென்றால் அதற்குள் முதல் முறைப்பாடு வந்துவிட்டது.

தனியாக பஸ்ஸைக் கொடுத்த முதல் நாள். ஊருக்கு வெளியே இரண்டு ரோடு பிரியும் இடத்தில் சின்னக் கூரைக்கடியில் மாதா சிலை இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் பூவெல்லாம் வைத்து, நம்முடைய ரோட்டோர மாதா மாதிரியே. இவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். கொண்டக்டர் இல்லாத பஸ். ஆகவே கூண்டைத் திறந்து தானே இறங்கிப் போனார். உண்டியலைத் தேடினார், காணவில்லை. காசை மாதாவின் காலடியில் வைத்து, கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஏறினார். பஸ்ஸில் பதினோரு பேர் இருந்தார்களாம். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். ஒருவன் போனில் படம் எடுத்தான்.

"நாலு பேருக்கு நல்லதுதானே சேர் செஞ்சேன். நல்லபடியா போய்ச் சேரணும்னுதானே" என்றார்.

"நீங்க இறங்கினப்ப என்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சா?"

"ஆமா சேர்."

"அதான் முறைப்பாடு."

இரண்டாவது முறைப்பாடு நான் எதிர்பார்த்ததுதான். முதுகில் பையோடு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பஸ்ஸோடு கூடவே ஓடி வந்திருக்கிறது. நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார், நடு ரோட்டில். பின்னால் வந்த கார் இடிக்காமல் தப்பியது. மேற்பார்வை செய்யும் அம்மா கோபப்படவில்லையாம். கமெராவில் பதிவானதைப் போட்டுக் காட்டி, இன்னும் ஒன்று என்று ஒரு விரலைக் காட்டினாராம். அந்த விரலை அவர் எனக்கு வீடியோவில் காட்டினார். மேலே பனி உறைந்த ஜன்னல். கீழே அவருடைய ஒரு விரல்.

வருடத்தில் அப்போது இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது.

அதன் பிறகுதான் அந்தக் கிழவர் வந்தார். காலை முதல் ஓட்டத்தில், ஹோல்டுக்கு முப்பது மீற்றர் முன்னால், ஒரு சந்திலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கி வருவாராம். தினமும் பஸ் வரும்போதுதான் சந்தின் வாயிலுக்கு வந்து சேருவார். கம்பைத் தூக்குவார்.

"அசல் நீங்கதான் சேர். வெள்ளக்காரன், ஒயரம் கூட, மத்தப்படி அந்தக் கையத் தூக்குறது அப்பிடியே நீங்கதான். இன்னைக்கும் நிப்பாட்டாம வந்தேன். முதுகு கூசுது. நாளைக்கு முடியுமான்னு தெரியல்ல."

குரல் தளர்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ நேபாளி மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எரிச்சல்பட்டேன். மனைவி, பிள்ளை, பாதி வருடம், ஒரு விரல் என்று எல்லாவற்றையும் அவருக்கு மறுபடி கணக்காகச் சொன்னேன்.

"தெரியும் சேர். எல்லாம் தெரியும். கால்தான் கேக்க மாட்டேங்குது."

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். பல் பிடுங்கும்போதும், மனைவிக்கு ஒப்பரேஷன் நடந்தபோது வாசலில் இருந்தபோதும் நான் செய்தது அதுதான்.

"ஆளைப் பாக்காதீங்க. ரோட்டோரத்துக் கம்பத்தைப் பாருங்க. அந்த இடம் வந்ததும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணத் தொடங்குங்க. வாய்விட்டு எண்ணுங்க. ஹோல்ட் வரைக்கும் எண்ணுங்க. வேற எதுவும் உள்ளுக்கு வராது."

"கம்பத்தயா?"

"கம்பத்தை."

அடுத்த மாலை பேசினார். சந்துக்கு முந்திய திருப்பத்திலிருந்து ஹோல்ட் வரைக்கும் ஆறு கம்பங்களாம். ஆறையும் எண்ணி முடித்துப் பார்த்தால் ஹோல்ட் வந்துவிட்டது.

இப்போது கேட்பது என் முறையாயிற்று. மாலையில் அவர் முகம் தெரிந்ததும் "இன்னைக்கு எத்தனை?" என்பேன். "ஒண்ணுமில்ல சேர்" என்பார். "நல்லது" என்பேன். அவருடைய மனைவி வந்தால், இத்தனை வாரமாக ஒன்றுமில்லை என்று சொல்வேன். அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மகளுக்குக் கடவுச்சீட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் பிள்ளை போலந்து மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எனக்குச் சொல்லிக் காட்டியது. அங்கே அவர் பனிக்கான ஜாக்கெட் வாங்கினார். கடைக்காரிக்கு அந்த ஊர்ப் பாஷையில் நன்றி சொன்னார். தேங்காய்ப்பாலும் தகரப் பேணியில் கிடைக்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். பேச்சு சுருங்கியது. வேலையில் மூழ்கிவிட்டார் என்று நினைத்தேன்.

வருடம் முடியும் தறுவாயில், சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"அந்தக் கிழவர் எப்பிடி இருக்கார்?"

"எந்தக் கிழவர் சேர்?"

"கம்பைத் தூக்குறவர்."

கொஞ்சம் யோசித்தார். "ஓ, அவரா. கவனிக்கல்ல சேர். இருக்காரோ என்னமோ."

"முதுகு?"

"முதுகுக்கு என்ன சேர்?"

நான் வேறு பேச்சுக்குப் போனேன்.

பரீட்சைக் காலம் முடிந்தது. மூன்றாவது முறைப்பாடு வரவேயில்லை. விசா வந்தது. மனைவியையும் மகளையும் கூட்டிப்போக அவர் மூன்று வார லீவில் வந்தார். வந்த மறுநாள் எனக்குப் போன் செய்தார். உடம்பு பெருத்துவிட்டதாக மச்சான் கேலி செய்கிறாராம். பிறகு சொன்னார்:

"நாளைக்குக் காலையில டர்ன் நான்தான் சேர் எடுக்கிறேன். மொதலாளி, ஆசைக்கு ஒரு தடவ ஓட்டிப் பாருன்னுட்டாரு. வீட்டுக்காரியும் கண்டிக்கு வர்றா, சாமான் வாங்க. நீங்களும் வந்துருங்க."

அவர் போனதிலிருந்து நான் ஹோல்டுக்குத்தான் நடந்துகொண்டிருந்தேன். புதிய சாரதி ஒழுங்கை வாசலில் நிற்க மாட்டான். முழங்கால் இன்னும் மோசமாகியிருந்தது. ஆனால் அன்று காலை நான் அவசரப்படவில்லை. வெளிக்கிடும்போது மனைவி நேரத்தைச் சொன்னாள். "அவர்தானே ஓட்டுறார்" என்றேன். ஒழுங்கை வாசலில் போய், ரோட்டோரத்தில், பழைய இடத்தில் நின்றேன்.

பஸ் வளைவில் வந்தது. நேரத்தைப் பார்த்தேன். அவர் ஓட்டும் பஸ் அந்த வளைவில் சரியான நேரத்துக்கு வந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். குடையைத் தூக்கினேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. பெருத்துத்தான் இருந்தது. ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்தேன்.

பஸ் என்னைக் கடந்து போயிற்று. காற்றில் குடை திரும்பிக்கொண்டது. மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு கையாலும் தட்டினார். பஸ் வேகம் குறைக்கவில்லை. ஹோல்டில் ஆட்கள் இல்லை. ஆகவே அங்கேயும் நிற்கவில்லை.

அடுத்த பஸ்ஸுக்கு நான் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்று மனைவி கேட்டாள். முழங்கால் நோகிறது என்றேன். அதுவும் உண்மைதான்.

மாலையில் அவரும் மனைவியும் வந்தார்கள். அவர் விறாந்தைக் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். மனைவி உட்காராமல் தூணோரம் நின்றார். பொலித்தீன் பையில் போலந்துச் சொக்லட் கொண்டு வந்திருந்தார்கள். அதை மேசையில் வைத்துவிட்டு அவர் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் கண்டி வரைக்கும் ஏசிக்கிட்டே வந்தாரு சேர்" என்றார்.

"பரவாயில்ல. நான் ஹோல்டுல நிண்டிருக்கணும்."

"நான் சொன்னேன் சேர்," என்றார் மனைவி. "முன் சீட்டுல இருந்துக்கிட்டு, சேர் நிக்கிறாரு, சேர் நிக்கிறாருன்னு ரெண்டு தடவ சொன்னேன். பக்கத்துல இருந்து சொன்னேன். கேக்கல்ல இவருக்கு."

அவர் தலையை நிமிர்த்தினார். கண்கள் சிவந்து, தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"சத்தியமா உங்களக் காணல்ல சேர். நீங்க சொல்லித் தந்த மாதிரித்தான் வந்தேன். இப்ப எந்த ரோட்டுல போனாலும் அது தானா வந்துருது. வளைவுல இருந்து எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். ஹோல்ட் வரைக்கும் ஒன்பது கம்பம். வேற ஒண்ணும் கண்ணுல படல்ல."

என் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் ஆற வைக்காமல் குடித்தார். பிள்ளைக்கு அங்கே எந்த வகுப்பு, எப்போது குளிர் தொடங்கும், வீட்டில் எத்தனை அறை என்றெல்லாம் பேசினோம். இரண்டு அறை என்றார். புறப்படும்போது அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க இவரோட பேச ஒரு ஆளாவது இருக்கணும்தானே, அம்மா" என்றார். அவர் அதற்குள் படியிறங்கி, ஒழுங்கையில் நடக்கத் தொடங்கியிருந்தார். மனைவி வேகமாக நடந்துதான் அவரை எட்டிப் பிடித்தார்.

அந்த வாரமே போய்விட்டார்கள். இப்போது வருடங்கள் ஓடிவிட்டன. புதுவருடத்துக்கு ஒரு படம் வரும். படத்தில் மகள் அவருடைய தோளுக்கு வந்துவிட்டாள். அவருக்குப் போன வருடம் நேரம் தவறாத சாரதி என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்களாம். அதற்கு வாழ்த்துச் சொன்னேன்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதற்கு மறுநாள் காலை, கடைக்குப் போகும் வழியில், நான் ஹோல்டுக்குப் போகாமல் வளைவுக்கு நடந்தேன். அங்கே திரும்பி நின்று, ஹோல்டைப் பார்த்து மெதுவாக வந்தேன். கம்பம் கம்பமாகக் கை வைத்து எண்ணினேன். ஒழுங்கை வாசலில் கம்பம் கிடையாது. அந்த இடத்தையும் தாண்டி ஹோல்ட் வரைக்கும் எண்ணினேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்து, இன்னொரு தடவையும் எண்ணினேன்.

எட்டுத்தான்.